யாரிடம் கம்ப்ளைண்ட் கொடுப்பது

என் அக்காவின் பேஜை மூடியவர்கள் மீதான கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "போனது போகட்டும், விடு" என்று சொல்கிறவர்கள் மீதும் சேர்த்துத்தான் கோபம். போனது அவர்களுடையது இல்லையே.

அக்காவுக்கு விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். மண்ணைக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, காயவைத்து, பேட்டைக்கெல்லாம் பொதுவான கூட்டுச் சூளையில் வேகவைத்து, வண்ணம் தீட்டி விற்கிற கொலு பொம்மைகள். நான் அவளுக்குத் தங்கை. அதே ஊரில் வீட்டில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். எனக்குப் பொம்மை செய்யத் தெரியாது, கோபப்படத் தெரியும்.

முன்பெல்லாம் அக்காவின் சரக்கு முழுவதும் கடைவீதியில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரிக்குப் போகும். அவர் வைத்ததுதான் விலை. அதிலிருந்து அவளை மீட்கலாம் என்று, ஊரே கதியென்று கிடக்கிற அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில் ஒரு பேஜ் திறந்து கொடுத்தேன். கொஞ்ச நாளில் கோவை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று ஆட்கள் நேராக அவளிடமே கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் கேட்டது ரயில்வே பிளாட்பார செட்டைத்தான். எங்கள் ஊர் ரயில்வே ஜங்ஷனைப் பார்த்துப் பார்த்து அவளே மனதில் போட்டுச் செய்தது. டீ கேனோடு ஒருவர், பலாச்சுளைக் கூடையோடு ஒரு அம்மா, பெட்டி மேல் தலைவைத்துத் தூங்கும் ஒரு ஆள், கொடி பிடித்த ஸ்டேஷன் மாஸ்டர். சில்லறை வாங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதற்றம்கூட அந்தக் கட்டைவிரல் உயர டீக்காரரின் முகத்தில் தெரியும்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் பேஜ் இல்லை. பிளாட்பார செட்டின் படம் வேறொருவரின் படைப்பைக் காப்பியடித்தது என்று புகார், ஆகவே மூடிவிட்டோம் என்று ஒரு அறிவிப்பு. யாருடைய படைப்பு? சொல்லவில்லை. யார் கொடுத்த புகார்? அதையும் சொல்லவில்லை. மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். ஷெட்டின் படம், அச்சின் படம், அக்காவின் முகம், ஆதார் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தேன். அனுப்பிய கையை எடுப்பதற்குள் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. எந்த மனுஷன் பரிசீலித்தான்? அவனுக்குக் கொலு என்றால் என்னவென்று தெரியுமா? தாலுகா ஆபீஸில்கூட "நாளைக்கு வாங்க" என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. மனதுக்குள் திட்டிவிட்டு வரவாவது ஒரு முகம் இருக்கிறது. இங்கே குற்றம் சாட்டியதும் மெஷின், விசாரித்ததும் மெஷின், தீர்ப்புச் சொன்னதும் மெஷின்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அக்கா அதை நம்பிவிட்டாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் பொம்மையின் அச்சு நம் கையில் இருக்கக் கூடாது, இருப்பது தெரிந்தால் நாமே உடைத்துவிட வேண்டும். எல்லாருடைய சரக்கும் ஒரே சூளையில் பக்கத்துப் பக்கத்தில் வேகிற இடத்தில், அந்த மரியாதை இல்லையென்றால் யாரும் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது. "எங்கயாச்சும் காலண்டர்ல கீலண்டர்ல பாத்திருப்பனோ என்னமோ பாப்பா. மனசுல தங்கியிருக்கும், கை செஞ்சிருக்கும்," என்றாள் அக்கா. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மறுநாள் நான் ஷெட்டுக்குப் போவதற்குள் பிளாட்பார செட்டின் அச்சுகளை எல்லாம் பின்பக்கம் போட்டு உடைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் புதிதாக ஒரு பொம்மைகூட யோசிக்கவில்லை. பழைய பிள்ளையார், பழைய தசாவதாரம், அவ்வளவுதான். ஒரு உருண்டை மண்ணைக் கையில் எடுப்பாள், மூக்கு ஒன்று பிடிப்பாள், "இது யாராச்சும் செஞ்சதா இருக்கப்போவுது" என்று திரும்பத் தொட்டியில் போட்டுவிடுவாள். விற்பனை போனால் வேறு வழியில் பிடிக்கலாம். ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் தன் கையையே சந்தேகிக்க வைத்துவிட்டார்களே, அதை எந்த வழியில் பிடிப்பது?

அந்த எரிச்சலில் எழுத ஆரம்பித்ததுதான் என் சாஃப்ட்வேர்.

ஒரே முதலாளியின் கையில் இல்லாத சமூக வலைத்தளம் ஒன்று இருக்கிறது. ஆங்காங்கே ஆட்கள் தங்கள் தங்கள் சர்வரை நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் போட்டது மற்ற சர்வர்களில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேரும். ஒரு இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னொரு சர்வருக்குக் குடிபோகலாம், நம்மைப் பின்தொடர்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு. மேலே உட்கார்ந்து மொத்தத்துக்கும் பூட்டுப்போட ஒருவரும் கிடையாது. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று.

அதற்குப் போனில் ஆப்கள் இருந்தன. ஆனால் ஷெட்டில் போன் வேலைக்காகாது. மண் கரைசலில் நனைந்த விரலைப் போன் விரலாகவே மதிக்காது. பொம்மை தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த அக்காவின் விரலை ரேஷன் கடை மெஷினே ஏற்றுக்கொள்ளாது. ஆனால் பில் போடுவதற்கென்று ஷெட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு. அதில் ஓடுகிற மாதிரி எழுதினேன். முழுக்கத் தமிழில், எழுத்து பெரிதாக, கரண்ட் போனாலும் அடித்தது அழியாமல், படமும் எழுத்தும் முதலில் நம் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்து பிறகு வெளியே போகிற மாதிரி. நாளைக்கு எவன் எதை மூடினாலும் அக்காவின் பொம்மைப் படங்கள் அக்காவிடமே இருக்க வேண்டும்.

கேலிக்குக் குறைவில்லை. "இந்தக் காலத்துல டெஸ்க்டாப் ஆப்பா?" என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் வீடியோ காலில் சிரித்தார்கள். ஈரக் கையோடு வேலை செய்கிற ஒருவரை வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். பேட்டையில் இன்னொரு விதமான சிரிப்பு. "ஓனரே இல்லாத கம்பெனியா? நல்லா இருக்குது கதை!" கூட்டுச் சூளைக்கு எந்த ஓனர் இருக்கிறார் என்று கேட்டேன். டீ ஆறிவிடும் என்று எழுந்து போய்விட்டார்கள்.

அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. ஆர்வமாக வந்தவள் ஷெட்டில் வண்ணம் தீட்டுகிற பெண். கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். குடும்பத்து நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதில், நஷ்டஈடு கேட்டு மனு எழுதி எழுதி எழுத்துக்குப் பயப்படாதவள் ஆகியிருந்தாள். வாயும் கொஞ்சம் நீளம். கையில் நம்பர் இருந்த பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி அனுப்பினோம், ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் சில நாள் அவள் அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் அனுப்பினேன். பிறகு, "நீயே பாத்துக்க" என்று விட்டுவிட்டேன்.

அப்படி விட்ட முதல் நாளே எங்கள் ஷெட்டுக்குச் சூளை முறை. அக்கா சரக்கோடு சூளைக்குப் போய்விட்டாள். முந்தின நாள் கடைவீதி வியாபாரியின் கடைக்கு எதற்கோ போயிருந்த இந்தப் பெண், அங்கே எங்கள் டீக்காரரைப் பார்த்திருக்கிறாள். ஒன்று வாங்கி வந்துவிட்டாள். அதையும் ஷெட்டில் மிச்சமிருந்த அக்காவின் டீக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பிறகு இரண்டையும் குப்புறப் போட்டு, கம்ப்யூட்டர் கேமராவில் படம் எடுத்தாள். கீழே எழுதினாள்:

"பெரியவரு எங்க ஷெட்டு டீக்காரரு. சின்னவரு கடைவீதியில பொம்மை மொத்த வியாபாரம் பண்றவரு கடையில வாங்கினது. சின்னவரு ஏன் இத்தினியூண்டு இருக்காருன்னா, அவரு பெரியவருக்குப் பொறந்தவரு. நம்பலன்னா அடியில பாருங்க, எங்க அக்கா நகம் இருக்குது."

கூட்டுச் சூளையில் சரக்கு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. அக்காவின் அடையாளம் அவள் கட்டைவிரல் நகம். எப்போதோ அச்சு விழுந்து நடுவில் பிளந்த நகம் அது, ஈர மண்ணில் அழுத்தினால் பிளந்த பிறை மாதிரி பதியும். மண்ணோ வேகும்போது சுருங்குகிற பொருள். வெந்த பொம்மையின் மேல் அச்செடுத்து ஊற்றினால் அதுவும் வெந்து இன்னும் ஒரு சுற்றுச் சுருங்கும். வியாபாரி எங்கள் பொம்மையின் மேல் அச்செடுத்திருக்கிறார், அக்காவின் நகத்தோடு சேர்த்து.

எழுதியவள் 'அனுப்பு' பொத்தானை அழுத்திவிட்டு வண்ணம் தீட்டப் போய்விட்டாள். அது வெளியே போகும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஷெட்டில் எதுவும் ஒவ்வொன்றாகச் சூளைக்குப் போகாது. செய்தது அலமாரிப் பலகையில் காயும். முறை வருகிற நாளில் அக்கா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பாள், விரிசல் விட்டதைத் தொட்டியில் போட்டுக் கரைப்பாள், மீதியை மொத்தமாக ஏற்றுவாள். கம்ப்யூட்டரிலும் எல்லாம் அலமாரியில் காத்திருக்கும், சாயங்காலம் அக்கா வந்து இதைப் படித்துச் சிரித்துவிட்டு எடுத்துப் போட்டுவிடுவாள் என்று இருந்திருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் அந்தச் சின்ன டீக்காரர் எந்தெந்த ஊர் சர்வருக்கோ போய்விட்டார். சேதி தெரிந்ததும் அந்தப் பெண் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். "அலமாரியிலதான் இருக்குதுன்னு நெனச்சேன் சின்னக்கா!" அக்கா இரண்டு டீக்காரர்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நமக்கெதுக்கு வம்பு, எடுத்துடு" என்றாள். எடுத்தேன். "இப்பவாவது நம்பறியா, இது உன் பொம்மைன்னு?" என்று கேட்டேன். "அவரு என்னுதப் பாத்து எடுத்தாரு, சரி. நான் யாருதப் பாத்து செஞ்சனோ?" என்றாள். அப்படியே அந்தக் கம்பெனியை மென்று துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு.

மறுநாள் வியாபாரி வெள்ளைச் சட்டையும் சின்னத் தொந்தியுமாகப் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, எத்தினி வருசமா ஒங்க சரக்க எடுத்து வாழ வெச்சிருக்கேன்? இதான் மரியாதையா? மொதல்ல அத எடு!"

"நேத்தே எடுத்தாச்சுங்க," என்றேன். "மத்த சர்வருங்களுக்கும் எடுக்கச் சொல்லி தகவல் போயிருக்குது. எடுக்கறவங்க எடுப்பாங்க. காப்பி எடுத்து வெச்சிக்கிட்டவங்கள ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"இதுக்கு ஓனரு யாரு? நம்பரக் குடு, நான் பேசிக்கிறேன்."

"ஓனருன்னு யாரும் இல்லீங்க."

"அப்பறம் யாருகிட்டதாம்மா கம்ப்ளைண்டு குடுக்கறது? ஒங்க அக்கா பேஜுக்குக் குடுத்தேன், நாலு ஆள வெச்சு, காப்பி காப்பின்னு. ரெண்டே நாள்ல மூடுனானா இல்லியா? அது கம்பெனி! இது இன்னா..."

அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

இவர் திருடினார். திருடிய கையாலேயே திருட்டுப் புகாரும் கொடுத்தார். உலகத்திலேயே பெரிய கம்பெனி, ஒரு கேள்வி கேட்காமல் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது. பறிகொடுத்தவளோ இத்தனை மாதமாகத் தான்தான் திருடி என்று நினைத்துக்கொண்டு பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"காப்பின்னு சொன்னது நீங்கதானாங்க? வேற யாரும் இல்லியே?"

"வியாபாரம்னா அப்பிடி இப்பிடித்தாம்மா இருக்கும்..."

"அப்ப நான் யாருதையும் பாத்து செய்யல," என்றாள் அக்கா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் கைகளைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "என் அச்சயெல்லாம் நானே ஒடச்சிட்டேங்க. ஒங்ககிட்ட எங்க டீக்காரரு அச்சு இருக்குது. பேட்டை வழக்கம் ஒங்களுக்குத் தெரியும். ஒடைக்கக்கூட வேணாம், கொண்டாந்து குடுத்துடுங்க."

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அச்சு வரவில்லை. பேட்டைக்காரர்கள் இரண்டு நாள் உச்சுக்கொட்டினார்கள், மூன்றாம் நாள் அவருக்குச் சரக்குப் போட்டார்கள். அந்தப் பெரிய கம்பெனியோ இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. தவறு நடந்துவிட்டது என்றுகூட வேண்டாம், உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி? நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் படிக்காவிட்டாலும் அவர்கள் மெஷினாவது சலித்துப் போகட்டும்.

சாஃப்ட்வேரில் ஒரு மாற்றம் செய்தேன். 'அனுப்பு' பொத்தானை எடுத்துவிட்டு, 'அலமாரியில் வை', 'சூளையில் ஏற்று' என்று இரண்டு பொத்தான்கள் வைத்தேன். அதற்கும் சென்னையில் சிரித்தார்கள், போகட்டும்.

அக்கா பிளாட்பார செட்டை முதலிலிருந்து செய்ய ஆரம்பித்தாள். டீக்காரர் திரும்ப வந்தார், இந்தமுறை பதற்றத்தோடு கொஞ்சம் முறைப்பும் முகத்தில். கூடவே புதிதாக ஒரு ஆள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னால், டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டு சட்டைப்பையைத் துழாவுகிறவர். வெள்ளைச் சட்டை, சின்னத் தொந்தி. யாரென்று நான் கேட்கவில்லை.

புது செட்டைப் படம் எடுத்து அக்காவே சூளையில் ஏற்றினாள். பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: மற்றவர்களெல்லாம் ஒரே அளவு, டிக்கெட் இல்லாத இவர் மட்டும் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறார்?

அக்கா மண் கையைத் துடைக்காமலே, உறை போட்ட கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பதில் அடித்தாள்.

"அவரு அவ்ளோதாங்க."