துரை வீட்டு மாடிப்படி

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. பேராக்கில், பத்து காஜாவுக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரத் தோட்டத் துரை ஒருவர் குன்றின்மேல் கட்டத் தொடங்கி முடிக்காமல் போன கோட்டை இருக்கிறது. மலேசியாவில் அதைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. சிரம்பானிலிருந்து நான், மனைவி, மகள், என் அக்கா என நால்வர் காரில் போனோம்.

அந்தப் பயணம் மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. முதலில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அடுத்து நீலாய் தொழிற்சாலையில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை அக்காவின் சிறுநீரகம் கெட்டுப்போனது. இப்போது அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி இரத்தச் சுத்திகரிப்பு. மறுநாளான சனிக்கிழமைதான் ஏற்றது என்று நான் தேர்ந்தெடுத்தேன். புறப்பாடு 5.40, காலைப் பசியாறல் 8.00 என்று நாட்குறிப்பில் வரிசையாக எழுதியிருந்தேன். அளவோடுதான் குடிக்க வேண்டும் என்பதால் அக்காவின் தண்ணீர்ப் போத்தலில் மூன்று கோடுகளும் போட்டிருந்தேன்.

“கணக்கெழுதுற கெராணி வேலைக்குப் பொறந்தவன்டா நீ,” என்றார் அக்கா, காரில் ஏறும்போதே. “அடுத்தது மூச்சுக்கும் கோடு போடுவ.”

ஆசைப்பட்டவர் அவர்தான். கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள், பட்டையைக் கீறிப் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். அங்கேயும் துரை பங்களா மேட்டில்தான் இருந்தது. எதற்குப் போனாலும் தோட்டத்து ஆட்கள் படிக்குக் கீழே நிற்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் யாரும் ஏறியதுமில்லை. ‘ஒரு துரை வீட்டு உச்சியில நின்னு கீழ பாக்கணும்டா’ என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

10.50க்குச் சேர்ந்தோம். கோட்டைக்கு முன்னாலுள்ள பாலத்தைத் தாண்டி நடப்பதற்குள் அக்கா இரண்டு முறை நின்றார். அவருக்குக் கால் வீங்கியிருந்தது. வண்டி ஓட்டிய களைப்பில் எனக்கு முதுகு பிடித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். படிகள் குறுகலாக, செங்குத்தாக ஏறின. லிஃப்டுக்கென்று கட்டிய இடம் வெறும் கூடாக நின்றது. லிஃப்டு வரவே இல்லை. உடனே முடிவு செய்துவிட்டேன். படிக்குக் கீழே, வெளியே சுவர் நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது.

“நீ இங்கியே உக்காருக்கா. மேல போயி படம் எடுத்துட்டு வந்து காட்டுறேன். இருபது நிமிஷம்.”

“சரிடா,” என்றார். “நான் அண்ணிகூட இருக்கவா?” என்று கேட்ட என் மனைவியையும் அவரே மேலே விரட்டினார்.

மொட்டைமாடியில் நல்ல காற்று. மகள் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கையாட்டச் சொல்லலாம் என்று கீழே பார்த்தேன். பெஞ்சில் குடை மட்டும் இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முதல் மாடித் திருப்பத்தில், படியிலேயே உட்கார்ந்திருந்தார் அக்கா. மூச்சு வாங்கியது, முதுகெல்லாம் வியர்வை. பக்கத்தில், பிள்ளைகளோடு வந்த முன்பின் தெரியாத ஒரு மலாய்ப் பெண், அக்காவின் செருப்பையும் கைப்பையையும் பிடித்தபடி நின்றார். அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

“ஒனக்கு என்னக்கா பைத்தியமா? நெஞ்ச அடைச்சா என்ன பண்றது?”

“கத்தாதடா. மலைக்காட்டுல மரம் எப்படி வெட்டுனேன்னு நெனைக்கிற? மேட்டப் பாக்கக் கூடாது. ஒரு மரம் வெட்டுனா நிக்கணும். அப்புறம் அடுத்த மரம். இப்பப் பதினேழு மரம் முடிச்சிருக்கேன்.”

கீழே அழைத்துப்போகக் கையைப் பிடித்தேன். அது இரத்தச் சுத்திகரிப்புக்கு ஊசி ஏற்றும் கை. அக்கா மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“படிக்குக் கீழதான்டா இருபத்தாறு வருஷம் நின்னேன். நீயும் என்னை அங்கியே ஒக்கார வச்சிட்டுப் போயிட்ட.”

கோபத்தில் சொல்லவில்லை. களைத்த குரல்தான். அந்த மலாய்ப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்காது. என் முகம் புரிந்திருக்க வேண்டும். “பெலான் பெலான் லா, பாங்,” என்றார். மெதுவாகவே போகலாமே, அண்ணே என்று.

மெதுவாகவே போனோம். அக்கா முன்னால், நான் ஒரு படி பின்னால், செருப்பும் பையுமாக அந்தப் பெண் எனக்குப் பின்னால். ஒவ்வொரு படியிலும் நின்றோம். உச்சிக்கு வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போத்தலை வாங்கி, என் இரண்டாவது கோட்டைத் தாண்டி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “எழுதிக்க,” என்றார்.

நான் எழுதவில்லை. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் 10.50தான் கடைசி நேரம். நன்றி சொல்லத் திரும்பியபோது அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு இறங்கிப் போயிருந்தார்.

இப்போதும் அக்காவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போவது நான்தான். அந்த நிலையத்து வாசலில் ஆறு படிகள். முன்பெல்லாம் கேட்காமலே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்துச் சரிவு வழியாக ஏற்றிவிடுவேன். இப்போது கேட்கிறேன். ஏறுகிறேன் என்று அவர் சொன்னால் ஒரு படி பின்னால் நிற்கிறேன். அக்கறை என்ற பெயரில் அவரை நான் எங்கே உட்காரவைத்திருந்தேன் என்பதை, வாரத்தில் மூன்று நாள், அந்த ஆறு படிகளும் எனக்கு நினைவூட்டுகின்றன.