மதுக்கடைக்காரன் கட்டிய ஊஞ்சல்

எமில் ஹுடாக்கை 'அவர்' என்று சொல்ல எனக்கு நாக்கு வளையாது. நாலாம் வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் சடையைப் பிடித்து இழுத்தவன். பிற்காலத்தில் ஊரே கூடி, 'குழந்தைகளின் காவலன்' என்று அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோதும் எனக்கு அந்தச் சடைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் டேனர்ஸ் ரன்னில் முதலில் உருக்காலையை மூடினார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தை. கடைசியில் தேவாலயத்தையும் பூட்டிச் சாவியைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூடாமல் மிஞ்சியவை எமிலின் மதுக்கடையும், சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் என் முடிதிருத்தும் கடையும்தான். ஆண்களுக்குக் குடிக்க வேண்டும், பெண்களுக்குத் தலைக்குச் சாயம் வேண்டும். பென்சில்வேனியாவில் வேறு எது போனாலும் இந்த இரண்டும் போகாது.

எமில் பிறந்ததே அந்தக் கடையின் மாடியில்தான். உருக்காலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். அது மூடியதும் அப்பாவின் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றவன், பிறகு அங்கிருந்து நகரவே இல்லை. நல்லவன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மலிவாகப் பீர் ஊற்றுவான், வெள்ளிக்கிழமை மீன் பொரிப்பான். யாருக்கும் இல்லையென்று சொன்னது கிடையாது. நிற்க முடியாத நிலைக்கு வந்தவனுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஊற்றுவான்.

அவன் மனைவி டோலரஸ் என் சிநேகிதி. நாற்பது வருஷம் அந்தக் கடையின் சமையலறையில் உருளைக்கிழங்கை மசித்து, மாவுக்குள் வைத்து மடித்துப் பியரோகி செய்தவள். ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கடைக்குள் ஊதித் தள்ளியவர்களின் புகை பூராவும் அவள் நெஞ்சுக்குள்தான் குடியிருந்தது. குளிர் காற்று பட்டால் போதும், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். 'இன்னொரு குளிர்காலம் இங்கே வேண்டாம்' என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஃப்ளோரிடாவில் அவள் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பேசி வைத்திருந்தார்கள். கடையை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

வாங்குவதற்கு ஆளும் வந்தான். பிட்ஸ்பர்க்காரன், பெயர் ப்ராடி, தாடியை வேலிச் செடி மாதிரி ஒழுங்காகக் கத்தரித்திருந்தான். ஆரஞ்சுத் தோல் போட்டுச் சொந்தமாகப் பீர் காய்ச்சப் போகிறானாம். அந்த வாரமே டோலரஸ் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"பெர்னி, நல்லா குட்டையா வெட்டு. அங்க வெயிலு கொளுத்துமாம்."

"இன்னும் கையெழுத்தே ஆகலையேடி."

"ஆகும் ஆகும். நீ வெட்டு."

வெட்டினேன். கழுத்து தெரியத் தெரிய அவளுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மறுவாரம் எதிர்ப்புறம் பூட்டிக் கிடந்த செருப்புக்கடையின் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை மையம் அங்கே வரப்போகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் நிலப் பயன்பாட்டுக் குழுவின் முன் வந்து பேசலாம். ப்ராடி அதைப் படித்துவிட்டு, எதிரில் அது வந்தால் தான் வரவில்லை என்று சொல்லிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் எமில் என் கடைக்குள் புயலாக நுழைந்தான்.

"பாத்தியா பெர்னி! நம்ம தெருவுல போதைக்காரங்களக் கொண்டாந்து இறக்கப் போறாங்க!"

"இறக்கணுமா என்ன? உன் கடையில சாயங்காலம் ஆனா தானா முளைக்கிறாங்களே."

"அது வேற. பீரு வேற."

"ஆமாமா. பீரு பச்சத்தண்ணி."

"விளையாடாத. டோலரஸ் மூச்சு விட முடியாம கெடக்கா. இந்த விக்கிற வேல கெட்டுச்சுன்னா அவள நான் எங்க கொண்டு போவேன்?"

அந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை ஊரில் சொன்னால் யார் வருவார்கள்? அதனால் ஊருக்கு வேறு பாட்டுப் பாடினான்: குழந்தைகள், குழந்தைகளின் பாதுகாப்பு, குழந்தைகளின் எதிர்காலம். டேனர்ஸ் ரன்னில் குழந்தையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டுப் புல்தரையிலும் 'நம் குழந்தைகளைக் காப்போம்' என்று பலகை முளைத்தது.

வக்கீல் வைக்கப் பணம் வேண்டுமே. எங்கள் பக்கத்தில் பணம் திரட்ட ஒரே வழிதான். ஆளுக்கொரு பாட்டில் மது கொண்டுவந்து பெரிய துணிக்கூடையில் அடுக்க வேண்டும், சீட்டு விற்க வேண்டும், குலுக்கி எடுக்கும் பெயருக்குக் கூடை மொத்தமும் சொந்தம். போதை மருத்துவமனையை எதிர்க்கும் குலுக்கலும் அப்படித்தான் நடந்தது, எமிலின் கடையிலேயே. பாதிப் பேர் வீடு போய்ச் சேர்வதற்குள் வேலிகள் இரண்டு சாய்ந்தன. கூடையை வென்றது யார் தெரியுமா? வக்கீல்! வழக்கு முடிவதற்கு முன்பே ஜெயித்த ஒரே ஆள்.

விசாரணை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. எங்கள் ஊர் முறை இது: எழுந்து பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும், மூன்று நிமிஷம் பேசலாம். குழுத் தலைவி வெர்னா கிளிங்கன்ஸ்மித் கேக் சுடும்போது வைக்கிற கடிகாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். பீங்கான் கோழி அது. நேரம் முடிந்தால் டிரிங் என்று கத்தும், பேச்சை நிறுத்தியாக வேண்டும்.

எமில் எழுந்தான். "எமில் ஹுடாக், மெயின் தெரு. எனக்கு அவங்க மேல ஒண்ணும் இல்ல. பாவம், அவங்களும் மனுஷங்கதான். ஆனா இங்க வேணாம்."

கூடமே அதிர்ந்தது. அதற்கப்புறம் எழுந்தவர்கள் எல்லாம் அதையே சொன்னார்கள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வால்ட் ஷூமேக்கர் சொன்னார், வால்ட்டின் பெண்டாட்டி சொன்னாள். "ஒண்ணும் இல்ல, ஆனா." "ஒண்ணும் இல்ல, ஆனா." பிரார்த்தனையில்கூட இந்த ஊர் இவ்வளவு ஒரே குரலில் பேசி நான் கேட்டதில்லை.

ஒரே ஒருத்திதான் மாற்றிப் பேசினாள். டெசா புக்கோ. எமிலின் சமையலறையில் பாத்திரம் தேய்த்த பெண். அங்கேதான் ஒருநாள் பீர் பீப்பாயைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. முதுகுக்கு மாத்திரை, மாத்திரைக்குப் பிறகு போதை ஊசி. எந்திரித்து நின்று பெயரையும் விலாசத்தையும் மெல்லச் சொன்னாள்.

"நான் விட்டுட்டேன். மருந்து எடுத்துக்கிட்டுதான் விட்டேன். அந்த மருந்துக்காக தெனமும் விடியறதுக்கு முன்னாடி என் பொண்ண எழுப்பித் தூக்கிக்கிட்டு, வேன்ல ஒன்றரை மணி நேரம் போறேன். இங்கயே வந்துச்சுன்னா…"

டிரிங். கோழி கத்திவிட்டது. அவள் பாதி நேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டே நின்றிருந்தாள், அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஜனம் கை தட்டியது. எமிலும் தட்டினான்.

அப்படியும் குழு முடிவை ஒத்திவைத்தது, ஆட்சேபம் என்றால் காரணம் வேண்டுமாம். அப்போதுதான் வக்கீல் ஒரு விதியைத் தோண்டி எடுத்தார். பள்ளிக்கூடம், தேவாலயம், குழந்தைகள் விளையாடுமிடம், இவற்றுக்குக் கிட்டத்தில் அப்படி ஒரு மையம் வரக்கூடாது. முதல் இரண்டும் பூட்டியாயிற்று. மூன்றாவதைக் கட்டிவிடலாமே!

எமில் கடையை ஒட்டிய துண்டு நிலத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் நட்டான். பின்னால் யாரும் கேள்வி கேட்கக்கூடாதென்று நிலத்தை ஊருக்கே எழுதிக்கொடுத்தான். என்றென்றும் நானே பராமரிப்பேன் என்றும் கையெழுத்துப் போட்டான். 'டோலரஸ் ஹுடாக் குழந்தைகள் பூங்கா' என்று பளிங்கில் பெயர் வெட்டினான். திறப்பு விழாப் புகைப்படத்துக்கு நாலு குழந்தைகளைப் பக்கத்து ஊரிலிருந்து இரவல் வாங்கி வந்தார்கள். படம் எடுத்ததும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

டோலரஸ் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் எமில், கல்லுல பேரு வெட்டியிருக்க. நான் இன்னும் சாகலையே?"

"உனக்காகத்தான் கட்டினேன்!"

"அதான் சொல்றேன்."

வழக்காடச் சலித்துப்போய் மருத்துவமனைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அன்று எமில் கடையில் எல்லாருக்கும் இலவசம். ப்ராடியும் திரும்பி வந்தான், கூடவே அவன் வக்கீலும். அந்த வக்கீல் குடிக்காதவர். அதுதான் வினை. பூங்காவை ஒரு பார்வை பார்த்தார், கடையை ஒரு பார்வை பார்த்தார்.

"குழந்தைங்க விளையாடற எடத்துக்குப் பக்கத்துல புதுசா யாருக்கும் மது உரிமம் குடுக்கமாட்டாங்களே, சார்."

"எனக்கு இருக்கே!"

"உங்களுக்குப் பழைய உரிமம். நீங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்ல. நீங்க போனாத்தான் பிரச்சன."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். எமில் பூங்காவைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊருக்கு மனுப் போட்டான். ஊருக்குக் கொடுத்த நிலமாயிற்றே, திருப்பித் தருவதென்றால் விசாரணை வேண்டும். அதே கூடம். அதே கோழி.

ஜனம் போன தடவையைவிட அதிகம். பழைய பலகைகளையே பிடுங்கி, பின்பக்கத்தில் 'நம் பூங்காவைக் காப்போம்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். இவர்களுக்குப் பூங்காமேல் என்ன திடீர்ப் பாசம்? நான் சொல்கிறேன். எமில் போனால் ப்ராடி வருவான், ப்ராடி வந்தால் மலிவுப் பீர் போய்விடும், ஆரஞ்சுத் தோல் வந்துவிடும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் குழந்தைகளைக் கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததே எமில்தானே!

எமில் அன்றைக்கு உண்மையைப் பேசினான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குழந்தைகளை முன்னால் நிறுத்தாமல் பேசினான். டோலரஸின் மூச்சு, டாக்டர் சொன்னது, ஃப்ளோரிடா வீடு. கடைசியில் கேட்டான்: "ஒரு குழந்த அந்த ஊஞ்சல்ல ஆடி இங்க யாராவது பாத்திருக்கீங்களா? ஒருத்தராவது?"

டிரிங்.

வால்ட் ஷூமேக்கர் எழுந்தார். "எமில் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. டோலரஸ் தங்கமான பொம்பள. ஆனா…"

வரிசையாக எழுந்தார்கள். "ஒண்ணும் இல்ல, ஆனா." எமில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் அவன் கையால் பீர் வாங்கிக் குடித்த முகங்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெர்னாவே கேட்டார்: "குழந்தைங்க யாரும் வர்றதில்லேன்னா, திருப்பிக் குடுக்கறதுல என்ன தப்பு?"

பின்வரிசையில் டெசா எழுந்தாள். இந்தத் தடவை தொண்டையைக் கனைக்கவில்லை.

"என் பொண்ணு வர்றா. தெனமும். அந்த வேன் இப்ப நின்னு ஏத்திக்கறது பூங்கா வாசல்லதான். விடியறதுக்கு முன்னாடி நாங்க ஆறேழு பேரு அங்கதான் காத்திருக்கோம். எங்க யாரையும் நீங்க பாத்திருக்கமாட்டீங்க, நீங்க எந்திரிக்கறதே அப்புறந்தானே. வேன் வர்ற வரைக்கும் மிலா ஊஞ்சல்ல ஆடுவா. முன்னெல்லாம் ரோட்டோரத்துல நின்னு அழுதுக்கிட்டிருப்பா. இந்த ஊரு எங்களுக்குக் குடுத்தது அது ஒண்ணுதான், அதுவும் தெரியாமக் குடுத்தது. அதையும் புடுங்காதீங்க."

கூடம் முழுக்கக் கை தட்டியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டாதீங்க. போன தடவ என் வாய அடச்சப்பவும் இப்படித்தான் தட்டினீங்க."

குழு மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒருவர்கூட எமிலின் பக்கம் கை தூக்கவில்லை. வெளியே வரும்போது டெசா அவன் முன்னால் நின்றாள். "டோலரஸ நெனச்சா எனக்குத் துக்கமாத்தான் இருக்கு, எமில். அந்தக் கிளினிக்க வர விட்டிருந்தா, எனக்கும் அந்த ஊஞ்சல் வேண்டியிருக்காது." அவன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். வீடு போய் டோலரஸிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

பனி சீக்கிரமே வந்துவிட்டது. டோலரஸால் இப்போது படியிறங்க முடிவதில்லை, மூக்கில் பிராண வாயுக் குழாய். கத்தரியும் சீப்பும் எடுத்துக்கொண்டு நானே மாடியேறிப் போகிறேன். போன தடவை விடியற்காலையிலேயே கூப்பிட்டாள், தூக்கம் வருவதில்லையாம். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கீழே எமில் மண்வெட்டியால் ஊஞ்சலைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருந்தான். பராமரிப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறானே. டெசாவும் மற்றவர்களும் வேனுக்காகக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னது மிலா, அவன் எப்போது நகருவான் என்று பொறுமையில்லாமல் குதித்துக்கொண்டிருந்தது. பெயர் வெட்டிய கல்லின்மேலும் பனி இருந்தது. எமில் அதைக் கையுறையால் துடைத்தான்.

டோலரஸ் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "இந்த ஊர்ல செத்தவங்க பேரத்தான் பூங்காவுக்கு வெப்பாங்க, பெர்னி. இவன் எப்பவுமே எல்லாத்துக்கும் முந்திருவான்."

நான் பேச்சை மாற்ற, முன்பு வெட்டின மாதிரிக் குட்டையாக வெட்டவா என்று கேட்டேன்.

"வேண்டாம், நீளமாவே இருக்கட்டும்" என்றாள். "கழுத்துக்குக் குளிருது."