ஜெபத்துக்குள் ஒளித்த வாக்கியம்

ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் ஜெபம் செய்து குலைத்தேன். வாய் தவறி நடந்ததல்ல. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தே, கண்களை மூடிக்கொண்டு, குரலைச் சற்று உயர்த்திச் செய்தேன்.

அப்போது நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பாடசாலை அதிபராக இருந்தேன். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் பதுளையிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் வைப்பதும் என் பொறுப்பு. எந்தக் குடும்பத்தின் காம்பராவில் கூடினாலும் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, புருஷனுக்கு நெஞ்சுவலி, மழைக்குக் கூரை ஒழுகுகிறது. எல்லாவற்றையும் நினைவில் வைத்து, கடைசியில் ஒரே ஜெபமாகக் கோத்துச் சொல்வேன். ஒன்றையும் விடமாட்டேன்.

"சேர் ஜெபத்த ஆரம்பிச்சா அடுப்புல வச்ச சோறு குழைஞ்சிரும்" என்பார் பெரிய கங்காணி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் கொழுந்து பறிப்பவர், கணவரை இழந்தவர். மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்று, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்திருந்தாள். ஒருநாள் பாடசாலை விட்டபின் தாய் வந்து, என் மேசைக்கு எதிரே நின்றபடியே, அங்கே மகளுக்கு நடந்ததைச் சொன்னார். அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவளுக்கு மற்றவர் செய்த கொடுமை அது. அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

"அவளுக்காக ஜெபம் பண்ணுங்க சேர். ஆண்டவருக்கும் ஒங்களுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

சில மாதங்களில் என் மனைவியின் தம்பிக்கு அவளைப் பெண் கேட்டோம். அவன் குடிப்பான், வேலையில் நிலைக்கமாட்டான். எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்கவில்லை. இந்த நிலைமையில் இருக்கும் பெண்ணை அதிபர் வீட்டில் கேட்பதே பெரிய காரியம் என்று நினைத்துத்தான் போனேன். வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன்: அந்த இரகசியம் எனக்குத் தெரிந்திருந்ததால், அவர்கள் மறுக்க முடியாது என்றுகூட நினைத்தேன்.

தாய் மறுத்தார். "படிச்ச குடும்பம், நல்ல மனுசங்க. ஆனா தம்பி குடிக்கிறாரே சேர். எங்க வீட்டுக்காரரும் அதுலதான போனாரு."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கொழுந்துக்கூடை சுமக்கும் ஒருத்தி எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

பிறகு ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. பையனின் பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டுக்கு வந்தார். அன்று மாலை அங்கேதான் ஜெபக்கூட்டம். தாயும் அவரும் அதற்குள் ஒருவரையொருவர் மதினி என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியம்மா எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். விண்ணப்பங்கள் முடிந்தன. கல்யாணம் நல்லபடி நடக்கவேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் விண்ணப்பம்.

நான் ஜெபத்தைத் தொடங்கினேன். நடுவில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. கடைசிக் காம்பரா என்றேன், கொழும்பு என்றேன். அந்த மகளுக்கு நேர்ந்ததை ஆண்டவர் கழுவவேண்டும் என்றேன். அழுகிற குரலில் சொன்னேன். நல்ல குரல் எனக்கு.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தாயின் ஆமென் சற்றுப் பிந்தி வந்தது. ஆனால் வந்தது.

கூட்டம் முடிந்தால் அந்த வீட்டில் தேநீர் தருவது வழக்கம். தாய் முதல் கோப்பையை எனக்குத் தந்தார். இரண்டாவதைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"டீத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க மதினி."

"வேணாங்க. பஸ்ஸ விட்டுட்டா கஷ்டம்."

மதினி என்ற சொல் பெரியம்மா வாயில் மறுபடி வரவில்லை. அந்தச் சம்பந்தமும் வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் மகள் பண்டாரவளைக்குப் போய், ஒரு முஸ்லிம் வியாபாரியின் புடவைக்கடைக்குத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. நான் மாற்றலாகி, ஓய்வுபெற்று, பதுளையில் வீடு கட்டிக் குடியேறினேன். சபையில் என்னை ஜெபவீரர் என்றார்கள்.

இருபத்திரண்டு வருடங்கள் அப்படியே போயின. சென்ற வருடம் என் வீட்டில் நடந்த கூட்டத்தில் இளம் ஊழியர் ஒருவர் எனக்காக ஜெபித்தார். "பெற்ற பிள்ளையே திரும்பிப் பார்க்காத இந்தத் தகப்பனை நீர் கைவிடாதேயும்" என்றார். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், பேசுவதில்லை. அதை அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் கண்களை மூடியபடி, பக்கத்து வீட்டார் மத்தியில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக முடியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது. எல்லோரோடும் நானும் ஆமென் சொன்னேன். சொன்ன அந்த நொடியில், அன்று பிந்தி வந்த ஆமென் காதில் விழுந்தது.

மறுவாரம் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தாய் அதே காம்பராவில்தான் இருந்தார். முதுகு வளைந்துவிட்டது. அவர் வைத்த தேநீரைத் தொடாமலே வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சேர்" என்றார்.

"பிறகு ஏன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை?"

"எப்படிக் கேக்கறது? நீங்க ஆண்டவர்கிட்டல்ல பேசிக்கிட்டு இருந்தீங்க."

புறப்பட எழுந்தேன். யார் வீட்டுக்குப் போனாலும் ஜெபம் செய்துவிட்டுத்தான் புறப்படுவேன். ஐம்பது வருடப் பழக்கம். கைகளைக் கூப்பிக் கண்களை மூடிவிட்டேன்.

"ஜெபம் வேணாங்க சேர்" என்றார். "டீத்தண்ணி ஆறுது. குடிச்சுட்டுப் போங்க."

குடித்தேன்.

அதோடு நின்றிருக்கவேண்டும். ஆனால் சபைமுன் செய்த பாவத்தைச் சபைமுன்தான் அறிக்கையிடவேண்டும் என்று நானாகவே முடிவுசெய்தேன். யாரையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்தத் தோட்டத்துக் கோயிலில், ஆராதனை முடியும் நேரத்தில் எழுந்து நின்று, பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் என் கையைப் பிடித்து, இந்த வயதில் இந்தத் தாழ்மை பெரிய சாட்சி என்றார். பாரம் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, பஸ்ஸில் வரும்போது அசந்து தூங்கினேன்.

பின்வரிசையில் இருந்த இளம் பெண்களுக்கு அந்தப் பழைய கதை தெரியாது. "அது யாரு அக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் அது பண்டாரவளைக்குப் போய்விட்டது. அங்கே அந்த மகள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்.

ஒரு காலையில் தொலைபேசி ஒலித்தது. "சேர், நான்தான் பேசுறேன்" என்றாள். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்தது.

"நீங்க யார்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?"

"ஆண்டவரிடம். சபையிடம். உன் அம்மாவிடம்."

"ரெண்டு தடவ கூட்டத்துல என்னயப் பத்திப் பேசியிருக்கீங்க சேர். ஒரு தடவகூட என்கிட்ட பேசலயே."

அதில் கோபம்கூட இல்லை. ஒரு கணக்கில் பிழை காட்டுவதுபோலச் சொன்னாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தையல் இயந்திரம் ஓடிய சத்தம் கேட்டது.

"இனிமே என்னயப் பத்தி ஆண்டவர்கிட்டகூடச் சத்தமாப் பேசாதீங்க" என்றாள். "வேல கெடக்கு. வைக்கிறேன்."

அன்றிலிருந்து நான் கூட்டங்களில் ஜெபம் நடத்துவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்கிறேன். அதுவும் பொய்தான்.

இதை எழுதி முடித்ததும் யாருக்கும் காட்டவில்லை. முதலில் பண்டாரவளைக்கு அனுப்பினேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடும்படி எழுதி ஒரு துண்டுச்சீட்டும் வைத்தேன். மூன்று வாரம் கழித்து அதே உறையில் தாள்கள் திரும்பி வந்தன. கூடக் கடிதம் இல்லை. இரண்டு வரிகள் மட்டும் நீலத் தையல் சுண்ணக்கட்டியால் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன.

அந்த இரண்டு வரிகளும் இதில் இல்லை.