முதலில் சாகிறவர்

என் அப்பா யாகோவ் வீபே, தெற்கு உக்ரைனில் எங்கள் சிற்றூரின் தண்ணீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தார். பிறந்தது கஜகஸ்தானின் கரகாண்டாவில். ஜெர்மானிய வம்சம் என்று சொல்லிப் போர்க்காலத்தில் சோவியத் அரசு குடும்பத்தையே அங்கே ரயிலேற்றி அனுப்பியிருந்தது. தாத்தா ஒரு ஜெர்மன் சிப்பாயைக்கூடப் பார்த்ததில்லை. கட்டாய உழைப்பு முகாமில் மரம் வெட்டி நுரையீரல் கெட்டவர்.

சுரங்கக் குடியிருப்பு முற்றத்தில் பையன்கள் சண்டை விளையாடுவார்கள். எல்லோருக்கும் செஞ்சேனையில் சேரத்தான் ஆசை. எதிரியாக ஒரு ஜெர்மன்காரன் இல்லாமல் ஆட்டம் தொடங்காது.

"டேய் வீபே, நீதான்டா பாசிஸ்ட்!"

கொஞ்ச நாளில், கேட்பதற்கு முன்பே அப்பா கையைத் தூக்கிவிடுவாராம்.

"அதுல ஒரு வசதி, லேனா. முதல்ல செத்தா முதல்ல வீட்டுக்குப் போயிடலாம். சூப் சூடா இருக்கும்."

எனக்கு நடித்துக் காட்டுவார். தக்காளிப் பாத்திகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்து, தொப்பியை வீசி, அரை வட்டம் சுற்றி விழுவார். முதலில் தொப்பி, பிறகு அவர். அந்த வரிசை மாறியதே இல்லை. ஒரு செடிகூட ஒடிந்ததில்லை.

அம்மா ஜன்னலிலிருந்து கத்துவாள்: "செத்தது போதும், வந்து உருளைக்கிழங்கை உரிங்க!"

2022 ஏப்ரலில் ரஷ்யப் படை எங்கள் தெருவுக்கு வந்தது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தாள். நான் போலந்தில் வேலையில் இருந்தேன். நடந்ததைச் சொன்னது பக்கத்து வீட்டு ஹலீனா அக்கா. அவள் மகன் தராஸ் உக்ரைன் படையில் இருந்தவன். காலில் குண்டுக் காயத்தோடு அவள் வீட்டு நிலவறையில் படுத்திருந்தான்.

ரஷ்யச் சிப்பாய்கள் தெருவையே குழாயடியில் நிறுத்தினார்கள்.

"நாஜிகள்கிட்ட இருந்து உங்களை விடுவிக்க வந்திருக்கோம். இங்க நாஜி யாரு? சொல்லலைன்னா வீடு வீடாத் தேடுவோம்."

சொன்னது ரஷ்ய மொழியில். நின்றவர்களும் வீட்டில் அதையே பேசுகிறவர்கள்.

அப்பா கையைத் தூக்கினார்.

"நான்தான் தம்பி. ரெண்டாம் வகுப்புல இருந்தே நான்தான்."

அவர்களும் சிரிப்பார்கள் என்று ஹலீனா அக்கா நினைத்தாளாம். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். வீபே. ஜெர்மன் பெயர். அது போதுமானதாக இருந்தது. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடுகளைத் தேடவில்லை. மறுநாள் தெருக்காரர்கள் தராஸை ரகசியமாக வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்தொன்பது நாள் கழித்து அப்பாவை விட்டார்கள். நான்கு பற்கள் இல்லை. வேலியோரம் ஹலீனா அக்காவைக் கண்டதும் தொப்பியை வீசிவிட்டு விழுந்தார். அவள் அலறியடித்து ஓடினாள். அவர் எழுந்து தூசியைத் தட்டினார்.

"சூப் இருக்கா, ஹலீனா?"

நவம்பரில் இறந்தார். கட்டிலில், ஒரு காலை நேரத்தில். எனக்கு ஊருக்குப் போக வழியில்லை. போனில் ஹலீனா அக்கா சொன்னாள்: "உடனே யாரையும் கூப்பிடலை, கண்ணு. கொஞ்ச நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருவாருன்னு."

தொப்பி எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"ஆணியிலதான் மாட்டியிருந்துச்சு."