கவிதாவின் வீடியோவில் என் மாமனார்

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வீடியோ இன்னும் வரவில்லை. கேட்டால், "எடிட்டிங் போகுது அக்கா" என்கிறார் ஸ்டூடியோக்காரர்.

இன்று பண்டாரவளை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் கவிதா. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. போன மாதம்தான் கல்யாணம், அதே ஸ்டூடியோ.

"அக்கா, எங்க வீடியோ வந்துருச்சு, பாக்குறீங்களா?"

ஒரே மாதத்தில்! வயிறு எரிந்தது. இருந்தாலும் பார்த்தேன்.

முதலிலேயே ட்ரோன் ஷாட். சுள்ளென்ற வெயிலில் தேயிலை மலை, நடுவில் எங்கள் மாரியம்மன் கோவில்.

அவள் கல்யாணத்தன்று விடாத மழை. ட்ரோனை வெளியே எடுக்கவேயில்லை. மழைக்குக் கட்டிய படங்குக்கு அடியில் நின்று பந்தி பரிமாறியவள் நான்.

கோவில் வாசலில் ஒருவர் ட்ரோனை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார். என் மாமனார்! என் கல்யாணத்தில் அவர் அப்படிக் கும்பிட்டதைச் சொல்லி இன்றும் வீட்டில் சிரிக்கிறோம்.

"ட்ரோன் ஷாட் எப்புடிக்கா?" என்றாள் பூரிப்போடு.

"நல்லா இருக்கு புள்ள." வேறென்ன சொல்ல?

இறங்கியதும் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன்.

"இன்னும் ஒரு மாசம் ஆகும் அக்கா. ஆனா ஒங்க ஷாட்டெல்லாம் சூப்பரா வந்துருக்கு."

"தெரியும், பஸ்ல பார்த்தேன்" என்று வைத்துவிட்டேன்.

சமீபத்தில் கல்யாண வீடியோ கிடைத்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். என் தாலிகட்டு யாரிடமாவது வந்திருக்கிறதா?