காற்றில் விழாத விக்கெட்

என் தாயாரின் தம்பியான மாமா, மலாயாவின் ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் மாற்று டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தார். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியின் நிரந்தர டிரஸர் விடுப்பில் போனால், அந்த இடத்தில் மாமா மருந்து கட்டுவார். விடுப்பு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். கிரிக்கெட்டிலும் அவருக்கு வாய்த்தது இதே உத்தியோகம்தான். எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் அதன் அணி அவரைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் முதல் பந்தை ஒருநாளும் அவர் கையில் தராது. மற்றவர்கள் தோள் சோர்ந்து, ஆட்டம் கைநழுவும் வேளையில்தான் டிரஸரைக் கூப்பிடுவார்கள். அவர் சட்டைக்கையை மடித்தபடி வந்து, பெரும்பாலும் காப்பாற்றிவிடுவார். காப்பாற்றியவர் யாரென்பது தேநீர் ஆறுவதற்குள் மற்றவர்களுக்கு மறந்துபோகும். எனக்கு மறந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. மாமா அப்போது தெப்ராவுக்கு அருகே எங்கள் தோட்டத்தில் மூன்று மாத மாற்றாக இருந்தார். உலு திராம் பக்கத்துத் தோட்டமொன்றில் நிரந்தர டிரஸர் வேலை காலியாயிற்று. வேலையோடு வீடும் உண்டு. வீடு கிடைத்த பிறகுதான் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கலாம் என்று மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் சொல்லியிருந்தார்கள். வேலையைக் கொடுக்க வேண்டியவர் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, தம் அணியோடு எங்கள் திடலுக்கு ஆட வந்தார்.

எனக்கும் அன்று ஒரு பொறுப்பு இருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி எண் எழுதிய தகடுகளை ஓட்டப் பலகையில் மாட்டுவது. எண்களைப் பிழையின்றி மாட்டுவேன் என்பதில் எனக்குக் கர்வம் அதிகம்.

மாலையில் அவர்களுக்கு ஒன்பது பேர் ஆட்டமிழந்திருந்தார்கள். வெற்றிக்கு நான்கு ஓட்டம் வேண்டும். மட்டையோடு நிற்பவர் துரை. எங்கள் அணிக்குத் தலைவர், தோட்ட அலுவலகத்தின் பெரிய கிராணியான, அதாவது தலைமைக் கணக்கரான, என் தந்தையார். அவர் மாமாவைப் பலகையருகே அழைத்துத் தணிந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது.

“மச்சான், மெதுவா ரெண்டு பந்து போடு. துரை அடிச்சு ஜெயிச்சிட்டுப் போகட்டும். வீடு உனக்குத்தான்.”

“சரிங்க அத்தான்” என்றார் மாமா.

முதல் பந்து ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல் போயிற்று. துரை அதைத் தட்டி இரண்டு ஓட்டம் எடுத்தார். பிறகு, தோட்டத்தில் கற்ற தமிழில், திடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“டிரஸர், உன் மருந்து தண்ணி மாதிரி இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள், எங்கள் ஆட்களும்தான். மாமா சிரிக்கவில்லை. பந்தைக் காற்சட்டையில் தேய்த்தார். இரண்டடி கூடுதலாகப் பின்னே நடந்தார். அடுத்த பந்து தரையில் பட்டுத் திரும்பி, துரையின் மட்டையை ஏமாற்றி, ஓரக் குச்சியைத் தொட்டது. மேலிருந்த சிறு கட்டை விழுந்தது.

அம்பயராக நின்றவர் துரையின் தோட்டத்துச் சின்னக் கிராணி. விரலைத் தூக்காமல் துரையின் முகத்தைப் பார்த்தார்.

“காத்துல விழுந்திருச்சுலா” என்றார்.

லாலாங் புல்லின் நுனிகூட அசையாத மாலை அது. மாமா குனிந்து கட்டையை எடுத்து இருந்த இடத்திலேயே வைக்கப் போனார். அதற்குள் நான் விக்கெட் வரிசையில் ஒன்பதை இறக்கிவிட்டுப் பத்தை மாட்டியிருந்தேன். தகடு ஆணியில் மோதிய ஓசைக்குத் துரை திரும்பினார். பலகையைப் பார்த்தார், அதன் கீழே நின்ற என்னையும் பார்த்தார். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, மாமாவின் கையைக் குலுக்கினார். “இப்போ கசக்குது” என்றார்.

வீடு திரும்பும்போது தந்தையார் எங்களுக்கு வெகு முன்னே வேகமாக நடந்துபோனார். ஏன் இப்படிச் செய்தாய் என்று தாயார் கேட்டதற்கு மாமா, “அவரு கேட்டாரு, குடுத்தேன் அக்கா” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரத்தில், அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று என்று தகவல் வந்தது. உடன் துரையின் கடிதமும் வந்தது: செனாயில் தம் நண்பரின் தோட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு மாற்று டிரஸர் வேண்டும், இந்த ஆள் நன்றாகப் பந்து வீசுவார் என்று அவருக்கு எழுதியாயிற்று. பெண் வீட்டார் காத்திருக்கவில்லை. தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமாவின் சட்டைகளை மடித்தார். ஒரு துரையே கைப்படச் சிபாரிசு எழுதும் அளவுக்குப் பெரியவரான தம்பியை நினைத்துப் பூரித்து அழுகிறார் என்று நான் எண்ணினேன்.

லாரி ஏறும்முன் மாமாவிடம் கேட்டேன், அம்பயருக்கு முன்பே நான் தகட்டை மாட்டியது சரிதானே என்று.

“நீதான்மா எனக்கு அம்பயர்” என்றார்.

அந்தச் சொல்லை நான் பல ஆண்டுகள் பதக்கம்போல் அணிந்து திரிந்தேன். பள்ளியில் கேட்காதவர்களிடமும் சொன்னேன். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், விருந்தினர் முன்னிலையில், அந்தக் கதையை என்னைச் சொல்லவைத்து ரசித்தார். தம் பந்தை அவர் வீசியாயிற்று. அம்பயர் சொன்னதை ஏற்றுக் கட்டையை எடுத்து வைக்கவும் போனார். என் தகடு ஒலிப்பதற்குமுன் அந்தக் கட்டை குச்சியின்மேல் ஏறியிருந்தால், துரை நின்று ஆடியிருப்பார், ஒருவேளை வீடும் கிடைத்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருந்தது.