விசில் சோதனை

கீர்த்திக்கு முப்பத்தாறு வயது. நகரின் கராடி பகுதியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஞாயிறுகளில் மலைக்கோட்டைகளில் தவறி விழுந்தவர்களைக் கயிறு கட்டித் தூக்கும் மீட்புக் குழுவில் இருப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கழிவுத் தொட்டியிலிருந்து துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் உடலை எடுத்தார். இடுப்புக் கயிறு அறுந்திருக்கவில்லை. மேலே பிடித்திருந்தவர்கள் கையை விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தொழிலாளர்களுக்குக் கயிற்று மீட்பு கற்றுத்தருகிறார்.

கயிறு, முடிச்சு, கயிற்றைக் கட்டும் தூண், ஆள் எல்லாம் சேர்ந்தது ஒரே அமைப்பு என்பது அவர் பாடம். அதற்கொரு சோதனையும் உண்டு. விசில் ஊதியதும் எல்லோரும் கையை விடவேண்டும். சுமை விழுந்தால் அமைப்பு தவறு.

சிஞ்ச்வட்டில் ஒரு குடியிருப்பின் செயலாளர் பத்ரிநாத், தங்கள் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்பவர்களுக்குப் பயிற்சி வேண்டுமென்று அழைத்தார். கீர்த்தி போனபோது தொட்டியின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. பக்கத்தில் உடைத்த தேங்காய். கசார்வாடியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஜம்புவின் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டினார்கள். முதலில் வழக்கம்போல நான்கு பேர் கையால் பிடித்து இறக்கினார்கள். விசில். மூட்டை சளக்கென்று உள்ளே போனது.

"ஜம்பு போயிட்டான்டா," என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து இரண்டு கயிறுகள், இரண்டு தூண்கள், கயிற்றைத் தானே கவ்விக்கொள்ளும் கருவி. விசில். புது மூட்டை அந்தரத்தில் நின்றது.

பத்ரிநாத் கைதட்டினார். "பிரமாதம்மா! இனிமே என்ன பயம்? ஜம்பு, மாட்டிக்கிட்டு எறங்கு."

"சார், இது விழுந்தவங்களத் தூக்க. உள்ள அனுப்ப இல்ல. சட்டமே கூடாதுங்குது. விஷவாயுவக் கயிறு தடுக்குமா?"

"பத்து வருஷமா எறங்குறான், என்ன ஆயிடுச்சு? தேங்காய் உடைச்சுட்டுத்தானே தெறந்தோம்?"

"அப்ப நீங்க எறங்குங்க சார். தேங்காய் எல்லாருக்கும் பொதுதானே?"

சாதி பார்த்துத்தான் இந்தத் தொட்டிகளுக்குள் ஆளை இறக்குகிறோம். அதைத் தலைவிதி என்று சொன்னவர் எவரும் இறங்கியதில்லை.

பத்ரிநாத் ஜம்புவிடம் திரும்பினார். "நீ சொல்லு. எறங்குறியா, நாளைக்கு வேற ஆளப் பாக்கட்டுமா?"

ஜம்பு தொட்டியைப் பார்த்தார். பிறகு கீர்த்தியிடம் கை நீட்டினார். "விசிலக் குடுங்க மேடம்."

ஊதினார். வாளியையும் மண்வெட்டியையும் கீழே போட்டார்.

"விட்டுட்டேன் சாப்."

மாலையில் கழிவை உறிஞ்சும் லாரி வந்தது. காலையிலும் அது இதே ஊரில்தான் இருந்தது. ஜம்புவுக்கு அங்கே வேலை போயிற்று.

கீர்த்தி தன் பாடத்தைத் திருத்திக்கொண்டார். இப்போது முடிச்சைத் தொடுமுன் அவர் கேட்பது ஒன்றுதான்: "இறங்கச் சொன்னது யார்?"